சிக்லிட் தொட்டியில் சண்டையை அடக்குவது எப்படி?

கன்னிவாடிப் பக்கம் குளங்கள் வற்றும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் ஆண் ஜிலேபி மீன்கள் தோண்டியவை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீனும் சிக்லிட் குடும்பந்தான். குழி பிடித்த ஆண் உடல் கறுத்து, அடுத்த ஆணை அண்ட விடாது. சிறுநீர் வாடையிலேயே தன் பலத்தை அது காட்டிவிடுகிறது என்று போர்ச்சுகல் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

குளத்தில் தோற்ற மீன் ஓடிவிடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவது? மீனின் குணத்தை மாற்ற முடியாது, இடத்தை மாற்றலாம்.

முதலில் தொட்டி. தொட்டியில் பலரும் வளர்க்கும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களுக்கு நாலடி நீளமாவது வேண்டும். அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். உயரத்தைவிட நீளம் முக்கியம், ஏனென்றால் இவை எல்லை பிடிப்பது பாறை இடுக்கிலும் தரையிலும்தான். போர் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். இந்த மீன்கள் அதைத் தாங்கும்.

அடுத்து கல். மணல் கொட்டும் முன்பே தெர்மோகோல் விரித்துக் கருங்கல்லை அடுக்கிவிட வேண்டும். மணல்மேல் வைத்தால் மீன் தோண்டத் தோண்டக் கல் சரிந்து கண்ணாடி உடையும். ஒரு கோடியில் நிற்கும் மீனுக்கு மறு கோடி தெரியக் கூடாது. உடைந்த மண்சட்டிகளே போதும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கோட்டை வீண்செலவு.

மீன் வாங்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே நிறத்தில் இரண்டு ஆண்கள் கூடாது. ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் கணக்கு. மலாவி வகைகளில் எல்லோ லேப் ஓரளவு சாது. ஆரேட்டஸ் குஞ்சு மஞ்சள் உடலில் கறுப்பு வரியோடு கண்ணைப் பறிக்கும்; ஆண் வளர்ந்து கறுத்ததும் தொட்டி முழுவதும் அதன் ராஜ்ஜியம். ஃபிளவர்ஹார்னுக்குத் தனித் தொட்டியே கதி. சாதுக்களை முதலிலும் முரடர்களைக் கடைசியிலும் விட வேண்டும். இந்த அளவுத் தொட்டியில் மூன்று மீனைவிடப் பன்னிரண்டு மீன் நல்லது: அடி ஒன்றன் மேலேயே விழாது. ஆனால் நல்ல ஃபில்டரும், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம்.

மேல் மூலையில் ஒதுங்கி, செதில் உதிர்ந்து, இரைக்கு வராத மீன் அடி வாங்குகிறது. காயம் பெரிதென்றால் அதைத் தனியே வைத்துத் தேற்ற வேண்டும். அதோடு நின்றால் அடுத்த நோஞ்சான் சிக்கும். அடிப்பவனையும் நாலைந்து நாள் வேறு தொட்டிக்கு மாற்றி, அதற்குள் கற்களை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டுத் திரும்ப விட வேண்டும். பழைய எல்லை இல்லாததால் அது புதிதாகத் தொடங்கியாக வேண்டும்.

அப்படியும் அடங்காவிட்டால் கலர் மீன் கடையில் கொடுத்து வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம். குளத்திலோ வாய்க்காலிலோ மட்டும் விடக் கூடாது.