ஒப்பனைத் தூரிகைகளைப் பேணும் முறை

நமது தஞ்சை மாவட்டத்தில் மெலட்டூர், சாலியமங்கலம் ஆகிய ஊர்களில் நரசிம்ம ஜெயந்தியையொட்டிப் பாகவத மேளா நாடகங்கள் நடைபெறுகின்றன. மெலட்டூரில் பெண் வேடங்களையும் ஆடவரே தாங்குவது மரபு. ஏனைய ஊர்களிலும் திருவிழா நாடகங்கள் உண்டு. எங்காயினும், ஒரே தூரிகையால் பலருக்கு ஒப்பனை செய்தல் தீங்காகும்.

டிரக்கோமா என்னும் கண்நோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென 2024-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் ‘மெட்ராஸ் ஐ’ என்னும் கண்வலி ஒழியவில்லை. அரங்கில் ஒருவருக்குள்ள அந்நோய், தூரிகை வழியே பிறரையும், அவர்கள் வீட்டுக் குழந்தைகளையும் பற்றக்கூடும்.

தூரிகைகளை வீட்டிலேயே தூய்மை செய்யலாம். அதற்குரிய முறை வருமாறு:

1. எண்ணெய் வண்ணமாயின், முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைக்க வேண்டும்.

2. மயிர்ப்பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, உள்ளங்கையில் நுரைத்த மென்சோப்பில் தேய்த்து அலச வேண்டும். நுனி கீழ்நோக்கியிருத்தல் அவசியம். பூணுக்குள் நீர் புகுந்தால் பசை இளகி மயிர் உதிரும்.

3. நீரைப் பிழிந்து, நிழலில் கிடத்தி உலர்த்த வேண்டும். ஈரத்துடன் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அன்றாடம் பயன்படுவனவற்றை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறையும், நாடகத் தூரிகைகளை ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் கழுவுக. ஆனால், கழுவிவிட்டோம் என்று பிறருடன் பகிர்தல் கூடாது. கண்ணுக்கும் உதட்டுக்கும் ஆளுக்கொரு தூரிகை வேண்டும். கண்வலி கண்டவர் பயன்படுத்திய கண் தூரிகையையும் மையையும் எறிந்துவிடுக.

திருவிழாச் செலவில் சில தூரிகைகளின் விலை சிறிதே. ஊராட்சி உறுப்பினர்கள் விழாக் குழுவினரிடம் இதனை முன்கூட்டியே வலியுறுத்துவது நன்று.