வேத பாடம்: ஞானஸ்நானத்தில் பெயர் மாற வேண்டுமா?



நம்ம கயத்தாறு பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்கள் என்னிடம் அதிகமாய்க் கேட்கிற கேள்வி, "பாஸ்டர், எம்பேரு சுடலைமுத்து. இனி என்ன பேரு வைக்கணும்?" என்பதுதான். சிலர் சந்தோஷமாய்க் கேட்கிறார்கள். சிலருக்குப் பயம். அது தாத்தா பேரு, மாத்தினா வீட்டுல அம்மா அழுவாங்க. ஆகவே வேதத்தைத் திறந்து பார்ப்போம்.

ஆபிராமை ஆபிரகாம் ஆக்கினவர் தேவன் (ஆதி. 17:5). யாக்கோபை இஸ்ரவேல் ஆக்கினவரும் அவரே. ஆனால் சவுல் இரட்சிக்கப்பட்டதும் பவுல் ஆனான் என்று பிரசங்கத்தில் கேட்கிறோமே, அது வேதத்தில் இல்லை. அவன் ஞானஸ்நானம் பெற்றது அப். 9:18. அதன்பிறகும் சவுல் என்றே எழுதியிருக்கிறது. சீப்புரு தீவில், 13:9-ல்தான் அவனுக்குப் பவுல் என்ற பெயரும் உண்டென்று வாசிக்கிறோம்.

இப்போது ரோமர் 16-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். வெறும் பெயர்கள்தானே என்று வேகமாய்த் தாண்டிப் போகிற அதிகாரம்! பெபேயாள் என்பது ஒரு கிரேக்க தேவதையின் பெயர். 14-ம் வசனத்தில் எர்மே என்கிற சகோதரன் இருக்கிறான். லீஸ்திராவில் ஜனங்கள் பவுலை மெர்க்கூரி என்று சொல்லி, பலியிட எருதுகளோடு வந்தார்களே (அப். 14:12), அந்த மெர்க்கூரிக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பதும் இதே பெயர்தான். அன்று வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்ட பவுல், அதே பெயருள்ள சகோதரனுக்கு வாழ்த்துதல் அனுப்புகிறார். 'முதல்ல பேரை மாத்து' என்று எழுதவில்லை. சுடலைமுத்து தம்பி, கவனியுங்கள்.

வேறொரு வருத்தமும் உண்டு. நம்ம கரிசல் காட்டில் பிச்சை, குப்பாயி என்று பெயர் வைப்பார்கள். முன்னே பிறந்த பிள்ளைகள் செத்துப்போனதால், இதுவாவது தங்கட்டும் என்ற பயத்தில் வைத்தது. பெண்ணாய்ப் பிறந்தால் போதும்பொண்ணு! பெற்றவர்கள் கண்ணீரோடு வைத்தார்கள், பிள்ளைகள் வெட்கத்தோடு சுமக்கிறார்கள். ராகேல் சாகும்போது பிள்ளைக்குப் பெனொனி என்று துக்கத்தின் பெயரை வைத்தாள். தகப்பன் உடனே பென்யமீன் என்று மாற்றினான் (ஆதி. 35:18). யாபேசுக்கோ பெயர் மாறினதாக எழுதவில்லை, அவன் ஜெபம் கேட்கப்பட்டது (1 நாளா. 4:9,10). இரண்டு வழியும் வேதத்தில் இருக்கிறது. மனது நோகிற பெயரை மாற்றிக்கொள்வது பாவமில்லை.

நம்ம சீமை சரித்திரத்தையும் பாருங்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்று பெயர். அதன் அர்த்தத்தைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்ததால், கூப்பிடுகிற ஒவ்வொருவரும் சாட்சி சொன்னார்கள். 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் ஒரு பிராமண விதவைக்குக் கிளாரிந்தா என்று பெயர் வைத்தார். அந்த அம்மாள் கட்டின ஆலயத்தை ஊர் ஜனங்கள் என்னவென்று அழைத்தார்கள்? பாப்பாத்தியம்மாள் கோயில்! புதுப் பெயர் ரிஜிஸ்தரில், ஜாதிப் பெயர் தெருவில். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளைக்கு ஹென்றி ஆல்பிரட் என்று சேர்த்தார்கள். அது எச்.ஏ. என்று இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ரட்சணிய யாத்திரிகம் பாடினவர் இன்றைக்கும் கிருஷ்ண பிள்ளைதான். அந்தப் பெயர் அவருடைய விசுவாசத்தை எந்த விதத்தில் தடுத்தது?

வெளி. 2:17-ன் புதிய நாமத்தைக் காட்டிச் சிலர் வாதாடுகிறார்கள். அதைப் பெறுகிறவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாதே! அது பாஸ்டர் எழுதுகிற பெயர் அல்ல.

புதுப்பெயர் விரும்புகிறவர்கள் அர்த்தம் தெரிந்து தெரிந்தெடுங்கள். சினிமாப் பெயர் மாதிரி ஸ்டைலுக்காக வேண்டாம். வீட்டாரிடமும் பேசுங்கள். நம்ம ரிஜிஸ்தரில் எழுதுவதால் ரேஷன் கார்டிலோ சர்டிபிகேட்டிலோ பெயர் மாறாது, அதற்குத் தமிழ்நாடு அரசிதழில் பிரசுரம் செய்யவேண்டும். ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வந்து சொல்லுங்கள். மாற்ற விரும்பாதவர்கள் பெயரை உள்ளபடியே எழுதுவேன்.