கெட்டி எண்ணெய் நல்ல எண்ணெயா?

பணிமனைக்குக் கார் ஒன்று வருகிறது. சிறிய கார்தான், ஆனால் அதன் எஞ்சினில் டர்போசார்ஜர் பொருத்தப்பட்டிருக்கிறது. அன்று எண்ணெய் மாற்ற வேண்டிய நாள்.

"கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது சார். அது தண்ணீர் மாதிரி ஓடும். இந்த வெயிலுக்குத் தாங்குமா? 20டபிள்யூ-50 ஊற்றிவிடலாம். கெட்டியாக இருந்தால்தான் எஞ்சினுக்குப் பாதுகாப்பு" என்கிறார் மெக்கானிக். காரின் சொந்தக்காரர் தயங்குகிறார்.

மாணவ நண்பர்களே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? மெக்கானிக்கின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே பிழைக்கிறது என்பதை இயற்பியலின் துணையோடு பார்ப்போம்.

பாகுநிலை

தண்ணீரைச் சாய்த்தால் உடனே ஓடிவிடுகிறது. விளக்கெண்ணெய் மெதுவாக இறங்குகிறது. ஒரு திரவத்தின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது அவற்றினிடையே ஓர் உள் உராய்வு எழுகிறது. அதையே பாகுநிலை என்கிறோம். எண்ணெயைச் சூடாக்கினால் பாகுநிலை குறைகிறது, குளிர்வித்தால் கூடுகிறது.

இந்தப் பாகுநிலைதான் எஞ்சினைக் காக்கிறது. எப்படி? 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியியலாளர் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியே மேலே பொங்கி வந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை பிதுங்கி வெளியேறியது. மரமுளையால் அடைத்தார், அதுவும் வெளியேறியது. உள்ளே எண்ணெய் பெரும் அழுத்தத்தில் இருப்பதை அவர் உணர்ந்தார். 1886இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் அச்சு, ஆப்பு வடிவ இடைவெளிக்குள் எண்ணெயை இழுத்துச் செல்கிறது. அங்கே உண்டாகும் அழுத்தம் அச்சையே தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

இந்தப் படலம் தடிப்பாக இருக்க மூன்று வழிகள் உண்டு. எண்ணெயின் பாகுநிலை கூடலாம். அச்சின் வேகம் கூடலாம். அல்லது சுமை குறையலாம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் உள்ள எண்கள்

5டபிள்யூ-30 என்பது அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த தரக்குறி. டபிள்யூ என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 5டபிள்யூ எண்ணெய், உறைகுளிரான -30 டிகிரி செல்சியஸிலும் எஞ்சினைச் சுழலவிடும். -35 டிகிரியிலும் பம்பினால் இறைக்கப்படும். 15டபிள்யூ எண்ணெய்க்கு இந்த எல்லைகள் -20, -25 டிகிரி.

பின்னால் வரும் எண் சூடான நிலையைக் குறிக்கிறது. 100 டிகிரியில் 30 என்ற தரத்தின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 தரத்துக்கு 12.5 முதல் 16.3 வரை, 50 தரத்துக்கு 16.3 முதல் 21.9 வரை. சாதாரணத் தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரியில் ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்ஸ். அப்படியானால் சூடான எஞ்சினுக்குள் ஓடும் 30 எண்ணெய், தண்ணீரைப்போலப் பத்து மடங்கு பாகுநிலையே உடையது!

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். 5டபிள்யூ-30 எண்ணெய் சூடானால் 5லிருந்து 30ஆகக் கெட்டிப்படுவதில்லை. எல்லா எண்ணெய்களையும் போல அதுவும் இளகவே செய்கிறது. ஆனால் அதில் கலந்துள்ள நீண்ட பாலிமர் மூலக்கூறுகள், குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் கிடந்து, இளகும் அளவைக் குறைக்கின்றன.

டர்போவின் இரு எசமானர்கள்

டர்போசார்ஜர் என்பது ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சக்கரங்களைக் கொண்ட கருவி. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் மான்சா ஆகிய பயணிகள் கார்களில் இது இடம்பெற்றது.

ஒரு சிறு கணக்கு போடுவோம். தண்டின் விட்டம் 7 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1,80,000 சுற்றுகள் என்று கொள்வோம். அதாவது விநாடிக்கு 3,000 சுற்றுகள். சுற்றளவு 22/7 × 7 = 22 மில்லிமீட்டர். ஆகவே தண்டின் மேற்பரப்பு விநாடிக்கு 66 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 237 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! அதைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் படலமோ தலைமுடியைவிட மெல்லியது. ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியையும் தாண்டிச் சுடுகிறது.

இப்போது முன்பு சொன்ன மூன்று வழிகளை நினைவுகூருங்கள். டர்போ தண்டில் சுமை குறைவு. வேகமோ மிகமிக அதிகம். ஆகவே படலம் உண்டாகக் கெட்டியான எண்ணெய் தேவையில்லை. அதற்கு வேண்டியது வேறு: விரைந்து வந்து சேரும் எண்ணெய், நிறைய ஓடி வெப்பத்தை அள்ளிச் செல்லும் எண்ணெய்.

ஆனால் அதே எண்ணெய்தான் எஞ்சினின் வணரித் தண்டுக்கும் போகிறது. அங்கே நிலைமை நேர்மாறு. டர்போ திணிக்கும் காற்றினால் உருளைக்குள் அழுத்தம் உயர்கிறது. பிஸ்டன் வழியே தாங்கிகளின் மேல் சுமை கூடுகிறது. வேகமோ நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகளே. அங்கே பாகுநிலை குறைந்துவிட்டால் படலம் கிழியும், உலோகம் தேயும். ஒருவர் 'இளக்கமாக வா' என்கிறார். மற்றவர் 'கெட்டியாக வா' என்கிறார். இரு எசமானர்களுக்கும் ஊழியம் செய்ய வேண்டிய எண்ணெய் இது.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை என்றது இதனால்தான். வணரித் தண்டை மட்டும் பார்த்தால் கெட்டி எண்ணெய் சரி. ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கெட்டி எண்ணெய் டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். பம்பின் பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். அப்போது அழுத்தமானி உயர்ந்த அளவைக் காட்டும். தாங்கிக்குப் போகும் எண்ணெயோ குறைவாக இருக்கும். மேலும் கெட்டி எண்ணெயைக் கிழித்துக்கொண்டு சுழல்வதற்கே கூடுதல் எரிபொருள் செலவாகும்.

எப்படித் தேர்வு செய்வது?

முதலில், கையேடு. எஞ்சினின் இடைவெளிகளையும் பம்பின் அளவையும் அறிந்தவர்கள் எழுதியது அது. பல கையேடுகளில் வெப்பநிலைக்கு ஏற்ற தரங்களின் அட்டவணை இருக்கும். கெட்டியான தரம் வேண்டுமானால் அந்த அட்டவணைக்குள்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, முதல் எண்ணைக் குளிரைக் கொண்டு பாருங்கள். சுவீடனின் வடகோடியில் 15டபிள்யூ எண்ணெய் கடுங்குளிர்க் காலையில் அசையாது. சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் 40 டிகிரியில்கூட 15டபிள்யூ-40 எண்ணெய் 5டபிள்யூ-30ஐவிடக் குறிப்பிடத்தக்க அளவு கெட்டியாகவே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, எண் மட்டும் போதாது. பாலிமர் மூலக்கூறுகள் மெல்லிய இடைவெளியில் வேகமாக இழுபடும்போது வரிசையாகப் படிந்து, பாகுநிலை தற்காலிகமாகக் குறையும். சில மூலக்கூறுகள் அறுந்தும் போகும். ஆகவே எண்ணெயை 150 டிகிரியில், கடும் இழுவையில் தனியே சோதிக்கிறார்கள். ஐரோப்பாவின் ஏசியா தரங்களில், இரண்டு 5டபிள்யூ-30 எண்ணெய்களில் ஒன்று இச்சோதனையில் 3.5 மில்லிபாஸ்கல் விநாடிக்குக் குறையாமல் இருக்கலாம், மற்றொன்று 2.9ஐ மட்டும் தாண்டியிருக்கலாம். டப்பாவின் முகப்பில் எண் ஒன்றே! எனவே கையேடு கேட்கும் தரச் சான்றையும் டப்பாவின் பின்புறத்தில் தேடுங்கள்.

நான்காவது, எண்ணெயின் வயது. உருளைக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் டர்போ எஞ்சின்களில், எஞ்சின் முழுதும் சூடேறாத குறும்பயணங்களின்போது சிறிது பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் தானாக உயர்ந்தால் மகிழ வேண்டாம், அது எச்சரிக்கை. கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் குறித்த மாதத்தில் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

கடைசியாக ஒன்று. வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். டர்போவின் சூடு, தேங்கிய எண்ணெயைக் கரியாக்கும். கரி குழாயை அடைக்கும். எனவே கடைசி ஓரிரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள்; அல்லது ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரு கண்ணாடிக் குப்பிகளில் விளக்கெண்ணெய் நிரப்பி மூடுங்கள். ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும், மற்றதைக் கைபொறுக்கும் வெந்நீரிலும் கால் மணி நேரம் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவான சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, அடியை எட்டும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு வேறோர் எண்ணெயை எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். எந்த எண்ணெயில் இரு நேரங்களுக்கும் இடையே வேறுபாடு குறைவு? எஞ்சினுக்கு அந்தக் குணமே ஏன் உகந்தது? யோசித்து விடை காணுங்கள். அடுத்த முறை உங்கள் தெருப் பணிமனையில் இந்தப் பேச்சு எழுந்தால், நீங்களும் அதில் கலந்துகொள்ளலாம்.