தீர்வை வாங்கும் முன் பிரச்சினையைப் பாருங்கள்

வயதான அம்மா இரவு மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறார் என்று தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் ஒரே கதைதான் நடக்கும். மகனோ மகளோ ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரை டப்பா வாங்கி வருவார்கள். போனில் அலாரம் வைப்பார்கள். "மறக்காம போடுங்கம்மா" என்று தினமும் சொல்வார்கள். ஒரு வாரம் ஒழுங்காகப் போகும். அடுத்த வாரம் டப்பாவில் மாத்திரை நிரப்ப ஆளிருக்காது. அலாரம் அடித்தால் அம்மா அணைத்துவிடுவார். அம்மாவுக்கு மறதி என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. அது மறதிதானா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

டிசைன் திங்கிங் எனப்படும் வடிவமைப்புச் சிந்தனை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நாற்காலி, கருவி, இயந்திரம் வடிவமைப்பவர்கள் யோசிக்கும் முறையை மற்றப் பிரச்சினைகளுக்கும் பயன்படுத்துவதே இதன் சாரம். ஹெர்பர்ட் சைமன் 1969இல் எழுதிய நூல் இதற்கு அடித்தளம் போட்டது. 1991இல் உருவான ஐடியோ நிறுவனமும், பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூலும் இதைப் பயிற்சி முறையாக வளர்த்தெடுத்தன. ஐந்து படிகள்: பார்ப்பது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது. ஐ.டி. நிறுவனங்களில் இதற்கென்று வகுப்பே எடுக்கிறார்கள். சுவரில் வண்ணச் சீட்டு ஒட்டுவதோடு பல வகுப்புகள் முடிந்துவிடுகின்றன என்பது வருத்தமான விஷயம். நியூயார்க்கின் பெண்டகிராம் நிறுவன வடிவமைப்பாளர் நடாஷா ஜென் 2017இல் இதைக் கடுமையாக விமர்சித்துப் பேசியது நியாயமே. சீட்டும் சுவரும் இல்லாமலே இதைச் செய்யலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் படி, பார்ப்பது. ஐந்தில் அதிகம் பலன் தருவதும் அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதுதான்.

ஜி.இ. ஹெல்த்கேர் நிறுவனத்தில் ஸ்கேன் இயந்திரங்களை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். தான் உருவாக்கிய எம்.ஆர்.ஐ. இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்க ஒரு மருத்துவமனைக்குப் போனார். ஸ்கேனுக்கு வந்த சிறுமி ஒருத்தி இயந்திரத்தைக் கண்டு அழுதுகொண்டே நின்றாள். குழந்தைகள் அசையாமல் படுப்பதற்காக அவர்களில் பெரும்பாலோருக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பொறியியல் கணக்கில் அந்த இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. டீட்ஸ் ஸ்டான்ஃபோர்டில் பயிற்சி எடுத்தார், குழந்தைகளோடு பழகினார். பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறை கடற்கொள்ளையர் கப்பலாக மாறியது. சுவரெல்லாம் ஓவியம். ஊழியர்கள் கதை சொல்லிக் குழந்தையைக் கப்பலில் ஏற்றினார்கள். அசையாமல் படுத்திருப்பது விளையாட்டின் ஒரு பகுதியானது. இயந்திரத்தின் உள்ளே இருந்த தொழில்நுட்பத்தை யாரும் தொடவில்லை. மயக்க மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்தது.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? இரண்டு மூன்று இரவுகள் அம்மாவோடு சும்மா உட்கார்ந்திருங்கள். உதவி செய்யாதீர்கள், திருத்தாதீர்கள். "ஏம்மா போடல?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும்; "மறந்துட்டேன்பா" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "நேத்து சாப்பிட்ட பிறகு என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள், கதை வரும். கண்ணால் பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள். "சலிப்பாக இருந்தார்" என்பது ஊகம். "அட்டையை மூன்று முறை திருப்பிப் பார்த்தார்" என்பது பார்த்தது.

அப்படிப் பார்க்கும்போது இதுபோல ஏதாவது கண்ணில் படலாம். மாத்திரைகள் பிரிட்ஜ் மேலே ஒரு பிளாஸ்டிக் பையில் மொத்தமாகக் கிடக்கின்றன. போன மாதம் வரை இளஞ்சிவப்பாக இருந்த இரத்த அழுத்த மாத்திரை, வேறு கம்பெனி தயாரிப்பு என்பதால் இந்த மாதம் வெள்ளை. சர்க்கரை மாத்திரையும் வெள்ளைதான். பார்மசியில் அட்டையைப் பாதியாக வெட்டிக் கொடுத்ததில் பெயர் அந்தப் பக்கத்தோடு போய்விட்டது. மிச்சமிருக்கும் எழுத்தைப் படிக்கலாம் என்றால் வெள்ளித்தாள் டியூப்லைட்டில் பளபளக்கிறது. கண்ணாடி படுக்கையறையில் இருக்கிறது. தப்பான மாத்திரையைப் போட்டுவிடுவோமோ என்ற பயத்தில், மகள் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று பையை மறுபடி மேலே வைக்கிறார். மகள் வருவதற்குள் தூங்கிவிடுகிறார். இதில் மறதி எங்கே இருக்கிறது?

இரண்டாவது படி, பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. யாருக்கு, எந்த நேரத்தில், எது முடியவில்லை, எதனால் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "இரவில் தனியாக இருக்கும் அம்மாவால், ஒரே மாதிரி இருக்கும் அட்டைகளில் எது தன்னுடைய இரவு மாத்திரை என்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் பயந்து விட்டுவிடுகிறார்." வாக்கியத்துக்குள்ளேயே தீர்வின் பெயர் வந்துவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். "அம்மாவுக்கு நல்ல டப்பா வேண்டும்" என்று எழுதினால் டப்பாவைத் தவிர வேறு எதுவும் மனதில் வராது.

2007இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மாணவர் குழுவுக்கு, ஏழை நாடுகளுக்கான மலிவான இன்குபேட்டரை வடிவமைக்கும் வேலை தரப்பட்டது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வெப்பம் தரும் வழக்கமான கருவியின் விலை 20,000 டாலர் வரை போகும். அதை மலிவாக்குவதே பணி என்று நினைத்தார்கள். குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தபோது, நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் நகர மருத்துவமனையில் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறப்பதோ தொலைவில், கிராமங்களில். மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. குழு தன் கேள்வியையே மாற்றியது: மின்சாரம் இல்லாத கிராமத்தில் தாய் தன் குழந்தையைச் சூடாக வைத்திருப்பது எப்படி? அதற்கு விடையாக வந்தது எம்பிரேஸ் என்ற சிறிய உறக்கப் பை. அதில் வைக்கும் மெழுகு போன்ற பொருளை ஒருமுறை சூடாக்கினால் சில மணி நேரம் 37 டிகிரி வெப்பத்தைத் தரும். பழைய கேள்வியிலேயே நின்றிருந்தால் இன்னொரு மலிவான இன்குபேட்டர், இன்னொரு நகர மருத்துவமனையில் தூசி படிந்து கிடந்திருக்கும்.

மூன்றாவது படியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரச்சினை சரியாகப் பிடிபட்டால் யோசனைகள் தானே வரும். கால் மணி நேரம் ஒதுக்கி, குறைந்தது பத்து யோசனைகளாவது எழுதுங்கள். அந்த நேரத்தில் எதையும் "இது நடக்காது" என்று தள்ளாதீர்கள். பிரச்சினை யாருடையதோ அவரைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றி அம்மா இல்லாமல் பேசி முடிவெடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் அதிகம். பார்மசியில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்; தினமும் இதே குழப்பத்தோடு வருபவர்களைப் பார்ப்பவர் அவர்.

நான்காவது படி, மாதிரி. காசு செலவில்லாமல், அழகில்லாமல், சீக்கிரம் செய்ய வேண்டும். பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். கூட்டத்தில் யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, எழுதுகோலாக ஒரு குச்சியை வைத்துத் தட்டுவதுபோல் பாவனை செய்வார். பையில் சரியாக அடங்குகிறதா, தினமும் தூக்கிக்கொண்டு போக மனம் வருகிறதா, எந்த வசதியை அடிக்கடி தேடுகிறோம் என்பதெல்லாம் மின்னணு வேலை முடியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு இரண்டு பழைய கடித உறைகள் போதும். ஒன்றில் சூரியன், இன்னொன்றில் நிலா என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக வரையுங்கள். காலை மாத்திரை அட்டைகள் சூரிய உறையில், இரவு அட்டைகள் நிலா உறையில். நிலா உறையை, அவர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்தில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதன் கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிடுங்கள். சில மாத்திரைகள் ஈரக்காற்றில் கெட்டுவிடும்.

ஐந்தாவது படி, சோதனை. இங்கே பலரை ஏமாற்றுவது மரியாதை. பிள்ளை மெனக்கெட்டுச் செய்திருக்கிறானே என்று அம்மா "நல்லா இருக்குப்பா" என்றுதான் சொல்வார். கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவான சானிட்டரி நாப்கின் செய்ய முயன்ற காலத்தில் இதே சிக்கலில் மாட்டினார். மனைவியும் சகோதரிகளும் கருத்துச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கருத்துப் படிவம் கொடுத்தார். ஒரு சிலரே எல்லோருடைய படிவத்தையும் நிரப்புவதைக் கண்டுபிடித்தார். கடைசியில் கால்பந்துப் பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தும் சைக்கிள் ஓட்டியும் பார்த்தார். பஞ்சு போதாது, மரக்கூழ் செல்லுலோஸ் வேண்டும் என்பது நீண்ட தேடலுக்குப் பிறகே தெரிந்தது. அவருடைய எளிய இயந்திரத்துக்கு 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பரிசும், அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன.

ஆகவே "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நிலா உறையைத் திறந்து அட்டையில் எத்தனை மாத்திரை மீதி என்று எண்ணுங்கள். கணக்கு இடித்தால் மறுபடி ஓர் இரவு பக்கத்தில் உட்காருங்கள். எம்பிரேஸ் குழுவும் இந்தியாவில் சோதித்தபோதுதான் ஒன்றைக் கற்றது. ஆங்கில மருந்து அதிக வீரியமானது என்று நம்பிய தாய்மார்கள், 37 டிகிரி என்று எழுதியிருந்தால் குழந்தை நலனுக்காகச் சூட்டைக் குறைத்தே வைப்போம் என்றார்கள். எண்களை எடுத்துவிட்டு, சூடு போதுமா போதாதா என்று மட்டும் காட்டும் குறியீட்டை வைத்தார்கள்.

வேலையிடத்திலும் இதே வரிசைதான். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் ஆவணம் குறைவாக இருப்பதால் திரும்பிப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தீர்வு, இன்னும் பெரிய அறிவிப்புப் பலகை. ஒரு காலை வரிசையில் நின்று பார்த்தால், பலகை கவுன்டருக்குப் பக்கத்தில் இருப்பதும், ஒரு மணி நேரம் நின்ற பிறகே அது கண்ணில் படுவதும் தெரியவரும். புது மென்பொருள் வேண்டாம். ஒரே ஒரு காலை, வரிசையின் கடைசியில் ஓர் ஊழியரை நிறுத்தி, வருபவரின் காகிதங்களை அங்கேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். மதியத்துக்குள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எண்ணினால் பலன் தெரிந்துவிடும்.

படிப்பு, வேலை மாற்றம் போன்ற பெரிய முடிவுகளுக்கும் இதைப் பயன்படுத்தலாம். ஸ்டான்ஃபோர்டில் இதைப் பாடமாக நடத்திய பில் பர்னெட்டும் டேவ் எவன்ஸும் 2016இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். அடுத்த ஐந்தாண்டுக்கு ஒரே திட்டம் போடாமல், ஒன்றுக்கொன்று வேறான மூன்று திட்டங்களை எழுதச் சொல்கிறார்கள். பிறகு, ஏற்கனவே அந்த வேலையில் இருப்பவரிடம் போய்ப் பேசுவது, ஒரு நாள் அவரோடு இருந்து பார்ப்பது என்று சின்னச் சின்ன மாதிரிகள். பேக்கரி வைக்க ஆசைப்படுபவர் வேலையை விடும் முன், தெரிந்த கடை ஒன்றில் அதிகாலை மாவு பிசையும் நேரத்திலிருந்து ஒருநாள் முழுக்க நின்று பார்ப்பது நல்லது. மாற்றவே முடியாத நிலைமைகளைப் பிரச்சினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வதும் அவர்களுடைய பயனுள்ள அறிவுரை. அப்பாவின் வயதை யாரும் குறைக்க முடியாது. அவர் மாடிப்படி ஏற வேண்டிய தடவைகளைக் குறைக்கலாம்.

அலுவலகம், பள்ளி, மருத்துவமனை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊழியர்களை அடுத்த பயிற்சி வகுப்புக்கு அனுப்பும் முன், அரைநாள் கவுன்டருக்கு அந்தப் பக்கம், பொதுமக்களோடு உட்கார வையுங்கள். அடையாள அட்டையைக் கழற்றிவிட்டு, டோக்கன் வாங்கி, முறை வரும்வரை காத்திருக்கட்டும். நீங்களும் ஒருநாள் அங்கே போய் உட்காருங்கள்.