இரவில் உறங்கவிடாத எலும்புவலி



ஆரணிப் பட்டின் அழகை நீங்கள் அறிவீர்கள். அதை நெய்கிறவர்களின் முதுகுவலியை நாங்கள் அறிவோம். குழித்தறியில் நாள்முழுதும் குனிந்து உட்காருகிறவர்களுக்கு அது பழகிப்போன வலி. ஆகவே, முன்பு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு தாயார் “முதுகு நோகிறது” என்றாலும், “தறிவலிதானே” என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம்.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவதுண்டு. தறிவலி படுத்தால் குறையும். இந்த வலியோ பெரும்பாலும் படுத்தாலும் விடாது, இரவில் அதிகரிக்கும். இரவில் எலும்புநோவு தாளாமல் யோபு புலம்பினான். அதற்காகக் கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை. வலியைச் சொல்லுகிறவரை, “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று நாமும் அடக்கலாகாது.

இவ்வலிக்கு உள்ள உதவிகளில் ஒன்று கதிரியக்கச் சிகிச்சை. நம் ஊரார் இதைக் “கரண்ட் வைப்பது” என்பார்கள். அந்தப் பெயரே பலரைப் பயமுறுத்துகிறது. உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது படுத்திருப்பதுபோல் அசையாமல் படுத்திருந்தால் போதும். கதிர் படுவது தெரியாது. அது எலும்பிலுள்ள புற்று உயிரணுக்களை அழிக்கிறது. நரம்பைத் தூண்டி வலி உண்டாக்கும் பொருள்களும் குறைகின்றன.

“பத்து நாள் வெளியூரில் தங்கினால் தறி நின்றுபோகுமே, ஐயா” என்று குடும்பத்தார் கலங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. சிக்கலில்லாத எலும்புவலிக்கு 8 கிரே அளவை ஒரே முறையில் கொடுப்பது, 20 கிரேயை 5 முறையாகவோ 30 கிரேயை 10 முறையாகவோ கொடுப்பதற்கு இணையாக வலியைத் தணிக்கிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. 10 பேரில் சுமார் 6 பேருக்கு வலி குறைகிறது. ஒரே முறை பெற்றவர்களில் சிலருக்குப் பின்னர் மறுபடியும் தேவைப்படலாம். எலும்பு முறியும் நிலையில் இருந்தால் வேறு முறை வேண்டியிருக்கும். அதை மருத்துவரே தீர்மானிப்பார். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை உண்டு. ஆரணியிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரந்தான்.

முதல் சில நாள்களில் வலி சற்றுக் கூடலாம். பலன் தெரியச் சில நாள்கள் முதல் 4 வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை மார்ஃபின் உள்பட, மருத்துவர் கொடுத்த மருந்துகளை நிறுத்தலாகாது. கால்கள் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தண்டுவடம் நெருக்கப்பட்டால் நடை நிரந்தரமாகப் போய்விடலாம்.

இது புற்றுநோயைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஆனாலும், பல வாரங்களாக உட்கார்ந்தபடியே விடியலுக்குக் காத்திருந்தவர் ஓர் இரவு படுத்து உறங்குவது சிறிய காரியமல்ல. உங்கள் சபையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் இருந்தால், சந்திக்கும்போது ஜெபத்தோடு இதையும் கேளுங்கள்: “ராத்திரி தூங்கினீர்களா?” இல்லையென்றால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், கூடவே போங்கள்.