ஓர் இமையின் மொழி

பேச்சற்றுக் கிடப்பவரைக் காணுங்கால், அவர் சிந்தையும் அற்றுக் கிடக்கின்றார் என எண்ணுதல் மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை உணர்த்த வல்லது, 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்று. ‘நீர்மூழ்கியின் கவசமும் வண்ணத்துப்பூச்சியும்’ என்பது அதன் பெயரின் பொருளாகும். ஜூலியன் ஷ்னாபெல் என்பார் இயக்கிய இப்படம், அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர்க்குரிய பரிசினை அவர்க்கு ஈட்டித் தந்தது.

இக்கதை வெறுங் கற்பனையன்று. ழான்-தொமினிக் போபி என்பவர் பாரிஸ் நகரில் ‘எல்’ என்னும் மகளிர் இதழின் ஆசிரியராக விளங்கியவர். 1995 டிசம்பர் 8-ஆம் நாள், தமது 43-ஆம் வயதில், மூளைத்தண்டில் நேர்ந்த இரத்தக்குழாய்க் கேட்டினால் வீழ்ந்தார். மூளையினின்று கைகால்களுக்கும் நாவிற்கும் செல்லும் கட்டளைகள் அத்தண்டின் வழியே செல்வன. அவ்வழி கெடவே உடல் செயலிழந்தது. அறிவும் நினைவும் சிறிதும் குன்றவில்லை. இமையை உயர்த்தும் நரம்பு மையம் கேடுற்ற இடத்திற்குச் சற்று மேலே அமைந்தமையின், இடக்கண்ணின் இமை அவர்க்கு எஞ்சிற்று.

அவ்விமையே அவர்க்கு நாவாயிற்று. பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வழங்கும் முறைப்படி எழுத்துக்களை நிரல்படுத்தி, ஈ, எஸ், ஏ, ஆர் என ஒருவர் படிப்பார். வேண்டிய எழுத்து வந்தவுடன் போபி இமைப்பார். இங்ஙனம் எழுத்தெழுத்தாக ஒரு நூலே உருவாயிற்று. 1997 மார்ச்சுத் திங்களில் அந்நூல் வெளிவந்த சில நாட்களுள் அவர் மறைந்தார்.

படத்தின் முற்பகுதியில் நோயாளியை நாம் காண்பதில்லை. அவர் கண் வழியே பிறரைக் காண்கின்றோம். வலக்கண் இமையைத் தைக்கும் ஊசியையும் உள்ளிருந்தே காண்கின்றோம். அவர் உள்ளத்துள் கூறும் விடை நம் செவியில் விழுகின்றது. அறையில் நிற்போர்க்கு விழுவதில்லை. அவர் ஆவலுடன் பந்தாட்டம் பார்த்திருக்க, பணியாளர் ஒருவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் செல்கின்றார். அப்பணியாளர் கொடியவர் அல்லர்; கேட்க வேண்டும் என்னும் நினைவே அவர்க்கு எழவில்லை.

அக்காட்சியில் யான் என்னையே கண்டேன். என் பாட்டனார் வாதநோயால் நாவும் எழாது கிடந்த நாட்களில், அவர் கட்டிலருகே நின்று அவரைப் பற்றியே உரத்துப் பேசினோம். அவரிடம் ஒன்றும் வினவினோமில்லை. அவர் கண்கள் எம்மைத் தொடர்ந்து வந்தமை இன்று நினைவுக்கு வருகின்றது. அவர் யாது கூற விழைந்தார் என்பதை இனி அறிதற்கில்லை.

அன்பர்களே, போபியின் நூல் அவர் ஒருவரால் மட்டும் உண்டாயதன்று. எழுத்துக்களைச் சலியாது படித்தவர் பொறுமையும் அதில் உண்டு. பேசவியலாதார் அருகே செல்லுங்கால், ஆம், இல்லை என இமையாலோ விரலாலோ விடையிறுக்கத்தக்க ஒரு வினாவை எழுப்புங்கள். எழுப்பியபின், விடை வருமளவும் அங்கேயே அமர்ந்திருங்கள்.