முதலில் சம்ப்பை மட்டும் இறக்கு

வடசேரி,
நாகர்கோவில்.

அன்புள்ள மருமகனுக்கு,

லாரியை வீட்டு முற்றத்தில் நிறுத்தி என்ஜினைக் கழற்றப் போகிறாய் என்று உன் அம்மை சொன்னாள். போனில் பேசினால் 'சரி மாமா' என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வேண்டாம் என்று தடுக்கவில்லை மக்கா. ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடு என்கிறேன்.

என்ஜின் வேலை வேண்டுமா என்பதே இன்னும் தெரியவில்லை. ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, தடி ஏற்றினால் இழுவை இல்லை என்கிறாய். புகை என்ன நிறம்? கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர், நாசில், பம்பு இவற்றைப் பார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அப்போதும் உடனே லைனரைப் பழிக்காதே. உன் டாடா 1613-இல் டர்போ இருக்கிறது; அதன் உள்ளே ஆயில் கசிந்தாலும் இதே நீலப் புகைதான் வரும். டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே ஆயில் வடிந்து நிற்கிறதா என்று பார். ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார். பிறகு வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திற. லேசாக ஆவி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. குப்குப்பென்று விடாமல் தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்.

தேய்ந்திருந்தாலும் என்ஜினை வெளியே எடுத்துவிடாதே. என்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப்பை மட்டும் இறக்கு. ஒரு கனெக்டிங் ராடின் கேப்பைக் கழற்று. எந்த ராடு, எந்தப் பக்கம் என்று முதலிலேயே குறித்துக்கொள்; கேப் மாறினால் தொலைந்தது. உள்ளே பேரிங் ஷெல் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடி. முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் என்றால் நல்லது. செம்பு தெரிந்தால் தேய்ந்தாயிற்று. நீளக் கீறல் இருந்தால் ஆயிலோடு அழுக்கு ஓடியிருக்கிறது. இப்போது ஷெல்லைத் திருப்பு. முதுகில் அளவு குத்தியிருப்பார்கள். 'ஸ்டாண்டர்டு' என்றோ, 0.25, 0.50 என்றோ இருக்கும். கிராங்க் எத்தனை தடவை கிரைண்டிங் கண்டது என்று உனக்கு வண்டியை விற்றவன் சொல்லமாட்டான். அந்த எண் சொல்லும். ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர் போகும். இந்தப் படிகளையே பட்டறையில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பார்கள். முப்பதைத் தாண்டியிருந்தால் கிராங்க் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அப்புறம் வீட்டிலா பட்டறையிலா என்பது பேச்சே இல்லை, இந்த வண்டியில் இன்னும் காசை இறக்கலாமா என்பதுதான் பேச்சு.

உனக்கு ஒரு வசதி உண்டு, அதையும் சொல்லவேண்டும். உன் வண்டியின் என்ஜின் 697. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், பேரே அதுதான். 1954-இல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கின. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. அந்த வழியில் வந்த என்ஜின் இது. தெரியாத மெக்கானிக் இல்லை, சாமான் கிடைக்காத கடை இல்லை. உன் கூட்டுக்காரன் பிஎஸ் 6 வண்டி வாங்கியிருக்கிறானே, அவன் இப்படிக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

வீட்டில் செய்தால் மிச்சமாவது கூலி ஒன்றுதான். பிஸ்டன், ரிங்கு, லைனர், கேஸ்கெட் விலை எங்கே செய்தாலும் அதே விலை. போர் பிடிப்பது, கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங், வால்வு சீட் எல்லாம் லேத்துக்குத்தான் போயாக வேண்டும்; பம்பு காலிப்ரேஷனுக்கு பெஞ்ச் உள்ள கடைக்குப் போக வேண்டும். கழற்றுவதும் கழுவுவதும் பூட்டுவதும்தான் உன் பங்கு. அந்தக் கூலிக்காக வண்டி எத்தனை நாள் நிற்கும்? குலசேகரத்திலிருந்து பெரும்பாவூருக்கு ரப்பர் தடி லோடு தருகிறவர் உனக்காகக் காத்திருப்பாரா? டியூ கட்டும் தேதி காத்திருக்காது. பட்டறைக்காரர் மூன்று மடங்கு வேகத்தில் முடிப்பார் என்றால், கூலி கொடுப்பதே லாபம். லோடு இல்லாத காலமாக இருந்தால் மட்டும் வீட்டு வேலை கணக்கில் நிற்கும்.

காலத்தையும் பார்த்துக்கொள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் காற்று பூதப்பாண்டிப் பக்கம் மண்ணை எப்படி வாரி இறைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற காற்றில் பிளாக்கைத் திறந்து வைத்தால், புது ரிங்கு மாட்டும் முன்பே மணல் உள்ளே குடியேறிவிடும். ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்குக் கீழே வைத்தால், போர் செய்த சுவர் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். சுவரும் ஷட்டரும் உள்ள இடம் இல்லை என்றால் தொடங்காதே. புளியமரக் கொப்பில் செயின் பிளாக் கட்டும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. அரை டன்னுக்குப் பக்கம் கனம், உன் தம்பி கீழே நிற்பான்.

புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்கி மாற்றலாம் என்று யாரோ சொன்னார்களாம். அந்த என்ஜினின் ஷெல் முதுகையும் பார்க்காமல் வாங்கினால் ஒரு சீக்கை விற்று இன்னொன்றை வாங்குகிறாய், அவ்வளவுதான். என்ஜின் நம்பர் மாறினால் ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். எட்டு வருஷம் கடந்த வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம். அங்கே நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி நின்றுவிடும். சேசிஸ் காகிதமும் பில்லும் இல்லாமல் பேரம் பேசாதே.

பிஸ்டன் செட்டுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. லேத்துக்காரர் போரை அளந்து அளவு சொன்ன பிறகு வாங்கு. அவர் அளக்கும்போது பக்கத்தில் நில்லு. ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே, இரண்டு திசையில் அளந்து எழுதித் தரச்சொல். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் கொடுக்காதே.

டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சம்ப்பை இறக்கு. ஷெல்லின் முதுகில் என்ன எண் என்று அன்று சாயங்காலமே சொல்லு, மேலே பேசுவோம். அம்மையிடம் நான் கேட்டதாகச் சொல்.

மாமா